டியூனிங் பாக்ஸ் மாட்டலாமா?

வல்லம் வடகால் சிப்காட் பூங்காவில் ஷிஃப்ட் வண்டி ஓட்டுபவரும், அதே பூங்காவில் வேலை பார்த்து மாதத் தவணையில் டீசல் கார் வாங்கியவரும் ஒரு கட்டத்தில் ஒரே கேள்வியோடு மெக்கானிக்கிடம் போய் நிற்கிறார்கள். வண்டி எழுபது, எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். வாரண்டி முடிந்திருக்கும். ஒரகடம் தாண்டி ஒரு டிரெய்லரை முந்தப் பார்க்கும்போது வண்டி முன்போல எகிறவில்லை என்று தோன்றும். அப்போது யாராவது ஒருவர் சொல்வார்: "அண்ணே, ஒரு பாக்ஸ் போட்டுருங்க. பிளக்கைக் கழட்டி நடுவுல சொருகணும், அவ்வளவுதான். முப்பது குதிரை கூடும், மைலேஜும் ஏறும். வேணாம்னா கழட்டிடலாம், ஒரு தடயமும் இருக்காது."

சொருகுவது சுலபம் என்பது உண்மை. பிக்கப் கூடும் என்பதும் பெரும்பாலும் உண்மை. மைலேஜ் பற்றியும் தடயம் பற்றியும் சொன்னது உண்மை இல்லை. என்ஜினின் ஆயுளைப் பற்றி அந்தப் பேச்சில் ஒரு சொல்கூட இல்லை. இந்த அத்தியாயம் அதற்காகத்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடகைக்கு ஓடும் வண்டியில் டியூனிங் பாக்ஸ் வேண்டாம். புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி உள்ள, பிஎஸ்-6 மாசு விதிக்கு உட்பட்ட டீசலில் வேண்டவே வேண்டாம். 2020-க்கு முந்தைய டீசல், சொந்த உபயோகம், நல்ல நிலையில் உள்ள கிளட்ச், குறைந்த செட்டிங், நிதானமான கால் ஆகிய எல்லாம் ஒன்றாக அமைந்தால் மட்டும் அதைப் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஆபத்து என்பேன். இதற்கான காரணங்களைப் புரிந்துகொண்டவர், விற்பவர் என்ன சொன்னாலும் தன் வண்டிக்குத் தானே முடிவெடுக்க முடியும்.

பாக்ஸ் உள்ளே என்ன செய்கிறது

இன்றைய டீசல் என்ஜினில் ஹை பிரஷர் பம்ப், டீசலை ஒரு பொதுக் குழாய்க்குள் அழுத்தித் தள்ளுகிறது. அதுதான் காமன் ரெயில். சும்மா நிற்கும்போது அதில் சில நூறு பார் அழுத்தம் இருக்கும். முழு விசையில் பல கார்களில் 1,600 பாரைத் தொடும், புதியவற்றில் 2,000 வரை போகும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பாரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ரெயிலில் உள்ள சென்சார் அந்த அழுத்தத்தை வோல்டேஜாக்கி ஈசியூவுக்கு, அதாவது என்ஜின் கம்ப்யூட்டருக்கு, அனுப்புகிறது. இத்தனை அழுத்தம் இருக்கிறது, ஆகவே இன்ஜெக்டரை இவ்வளவு நேரம் திறந்தால் இவ்வளவு டீசல் போகும் என்று ஈசியூ கணக்குப் போடுகிறது.

டியூனிங் பாக்ஸ் உட்காரும் இடம் அந்தச் சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில். உண்மையில் 1,000 பார் இருக்கும்போது 900 என்று அது சொல்கிறது. அழுத்தம் குறைந்துவிட்டதாக நம்பி ஈசியூ பம்பை இன்னும் தள்ளச் சொல்கிறது. திறக்கும் நேரம் பழைய கணக்குப்படியே இருக்க, அதிக அழுத்தத்தில் அதிக டீசல் சிலிண்டருக்குள் போகிறது. பிக்கப் கூடுவதன் ரகசியம் இதுதான்.

இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். சிறு துளை வழியாகப் பாயும் டீசலின் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துத்தான் கூடும். அழுத்தத்தை 10 சதவீதம் ஏற்றினால் டீசல் ஏறக்குறைய 5 சதவீதம்தான் கூடும். 20 சதவீதம் டீசல் கூட வேண்டுமென்றால் அழுத்தம் 44 சதவீதம் ஏற வேண்டும். 1,600 பாரில் ஓடும் என்ஜினில் அது 2,300 பார். பம்பும் ரெயிலின் பாதுகாப்பு வால்வும் அதற்கு இடம் தராது. ஆகவே அழுத்தத்தை மட்டும் தொடும் பாக்ஸ்கள் வேலை செய்வது பெரும்பாலும் நடு வேகத்தில், ரெயில் அழுத்தம் இன்னும் உச்சத்துக்குப் போகாத 1,600 முதல் 2,800 ஆர்பிஎம் வரையிலான இடத்தில். நமக்கு இழுவை தெரிவதும் அங்கேதான். கிளட்ச், கனெக்டிங் ராடு, பேரிங் ஆகியவற்றின் மேல் பாரம் மிக அதிகமாக விழுவதும் அதே இடத்தில்தான்.

எல்லா பாக்ஸும் ஒரே தரம் இல்லை. மிக மலிவானவை, ஒரு ரெசிஸ்டரை வைத்து எல்லா வேகத்திலும் ஒரே அளவு பொய் சொல்பவை. ஐடிலில் நிற்கும்போதே என்ஜின் 'டக டக' என்று தட்டுவது இவற்றின் அடையாளம். அதற்கு மேலே வேகத்துக்கும் பாரத்துக்கும் தகுந்தபடி பொய்யின் அளவை மாற்றும் டிஜிட்டல் பாக்ஸ்கள் உண்டு. டர்போ அழுத்தச் சென்சாரையும் சேர்த்துப் பிடிப்பவையும் உண்டு. பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸின் டீசல்ட்ரானிக், ஜெர்மனியின் ரேஸ்சிப் ஆகியவை நம் ஊரில் அதிகம் கேள்விப்படும் பெயர்கள். ஆஸ்திரியாவின் ஸ்டைன்பாவர் அழுத்தத்தை விட்டுவிட்டு இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தை நீட்டுகிறது. அதில் பம்புக்கு நிம்மதி, ஆனால் கூடுதல் டீசலின் வெப்பம் வெப்பம்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் சொருகும் சில நூறு ரூபாய் 'சிப்' வேறு சங்கதி. அப்படிப்பட்டவற்றைத் திறந்து பார்த்தவர்கள் உள்ளே மினுக்கும் விளக்குகளைத் தவிர என்ஜினோடு பேசும் எதையும் காணவில்லை. அது என்ஜினைக் கெடுக்காது, பணத்தை மட்டும் கொண்டுபோகும்.

"ரெண்டும் ஒரே என்ஜின்தானே?"

பாக்ஸ் விற்பவர்களின் வலுவான வாதம் ஒன்று உண்டு. "கம்பெனிக்காரன் ஒரே என்ஜினை ரெண்டு பவர்ல விக்கிறான். சாஃப்ட்வேர்ல அடக்கி வெச்சிருக்கான். நாம திறந்து விடறோம்." இந்த வாதத்தைச் சோதிக்க நாம் எங்கேயும் போக வேண்டாம். வல்லம் வடகாலுக்குப் பக்கத்திலேயே, 2010-இல் திறக்கப்பட்ட ஒரகடம் ரெனோ-நிசான் ஆலையின் வாசலிலிருந்து வெளியே வந்த கார்களே போதும்.

ரெனோவின் 1.5 லிட்டர் கே9கே டீசல் என்ஜின் இந்தியச் சாலையில் வெவ்வேறு பலத்தில் ஓடியது. நிசான் மைக்ராவில் 64 குதிரைத்திறன், 160 நியூட்டன் மீட்டர் டார்க். 2012-இல் வந்த டஸ்டரின் ஒரு வகையில் 85-உம் 200-உம். இன்னொரு வகையில் 110-உம் 248-உம். 85 வண்டி வைத்திருப்பவர்களிடம்தான் "உங்க வண்டியில 110 தூங்குது" என்று சொல்வார்கள்.

அந்த இரண்டு டஸ்டர்களையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். 85-இல் டர்போ நிலையான வகை. 110-இல் வேகத்துக்குத் தகுந்தபடி இறக்கைகள் திரும்பும் விஜிடி டர்போ. 85-இல் ஐந்து கியர், 110-இல் ஆறு. டார்க்கை 48 நியூட்டன் மீட்டர் கூட்ட நினைத்தபோது, அதற்கு வேண்டிய காற்றைத் தர டர்போவை மாற்றினார்கள். அந்த விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோக கியர்பாக்ஸை மாற்றினார்கள். ஈசியூவின் கணக்கை மாற்றியது அதோடு சேர்ந்த ஒரு வேலை. பாக்ஸ் இந்த வேலைகளில் எதையும் செய்வதில்லை. பழைய டர்போ, பழைய கியர்பாக்ஸ், பழைய கிளட்ச் ஆகியவற்றை வைத்துக்கொண்டு டீசலை மட்டும் கூட்டுகிறது.

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலும் இதே கதைதான். அங்கே தயாரான வென்யூவின் 1.5 டீசல் முதலில் 100 குதிரைத்திறனில் வந்தது. 2023-இல் அதை 116-க்கு ஏற்றியபோது நிலையான டர்போவுக்குப் பதில் விஜிடி டர்போ வைத்தார்கள். இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட்டின் 1.0 டர்போ பெட்ரோல், மேனுவல் கியரில் 160 நியூட்டன் மீட்டர் தருகிறது. அதே என்ஜினில் சிவிடி ஆட்டோமேட்டிக் வாங்கினால் 152 மட்டும். வெறும் 8 நியூட்டன் மீட்டரைக்கூடக் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார்கள். சிவிடி மேக்னைட்டுக்கு பாக்ஸ் தேடுபவர்கள் இந்த எட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"அப்படியென்றால் கம்பெனி கொஞ்சம்கூட மிச்சம் வைப்பதில்லையா?" என்று கேட்கலாம். நிச்சயமாக வைக்கிறது. கோடை வெயில், மலையேற்றம், மட்டமான டீசல், ஆயில் மாற்ற மறந்த உரிமையாளர், ஒவ்வொரு பாகத்திலும் இருக்கும் சிறு அளவு வேறுபாடு ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த மிச்சம் அது. பாக்ஸ் போட்டவுடன் என்ஜின் உடைந்துவிடாததற்குக் காரணமும் அதுதான். போட்டு ஒரு வருடம் ஓட்டியவர் "ஒண்ணும் ஆகலையே" என்று சொல்வது பொய் இல்லை. அவர் அந்த மிச்சத்தைச் செலவழித்துக்கொண்டிருக்கிறார்.

எது முதலில் போகும்

பெரும்பாலான வண்டிகளில் முதலில் பதில் சொல்வது கிளட்ச். நான்காம் கியரில், 2,000 ஆர்பிஎம் அளவில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது முள் ஏறுகிறது, வண்டி அதற்குத் தகுந்தபடி நகரவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. டூயல் மாஸ் ஃபிளைவீல் உள்ள வண்டியில், என்ஜினை நிறுத்தும்போதும் குறைந்த வேகத்தில் இழுக்கும்போதும் கடகடவென்று சத்தம் வரும். ஃபிளைவீலோடு கிளட்ச் செட்டையும் மாற்றும் செலவு பல வண்டிகளில் பாக்ஸின் விலையை விழுங்கிவிடும். இத்தனைக்கும் இது என்ஜினுக்குள் நடக்கும் கேடு இல்லை, கண்ணுக்கும் காதுக்கும் தெரிவது. அந்த விதத்தில் நல்லது.

கவலைப்பட வேண்டியது சத்தமில்லாமல் நடப்பதைப் பற்றி. டீசல் என்ஜினில் கூடுதல் டீசலுக்குத் தகுந்த கூடுதல் காற்று வேண்டும். காற்று கூடாமல் டீசல் மட்டும் கூடினால் ஒரு பகுதி சரியாக எரியாமல் கரியாகிறது, சைலன்சருக்குப் போகும் புகையின் வெப்பமும் ஏறுகிறது. பெட்ரோலில் எரிபொருளைக் கொஞ்சம் அதிகமாக்கினால் வெப்பம் தணியும். டீசலில் அதற்கு நேர்மாறு: எரிபொருள் கூடக்கூட வெப்பம் கூடும். இதைத் தெரியாமல் பெட்ரோல் பைக்கில் பாக்ஸ் போட்ட அனுபவத்தை டீசல் காருக்குப் பொருத்திப் பேசுபவர்கள் நிறையப் பேர்.

அந்தக் கரி எங்கே போகிறது? ஒரு பங்கு, எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப என்ஜினுக்கே அனுப்பும் ஈஜிஆர் வால்விலும் இன்டேக் குழாயிலும் படிகிறது. ஒரு பங்கு விஜிடி டர்போவின் இறக்கைகளில் ஒட்டி அவற்றைத் திரும்பவிடாமல் செய்கிறது. ஒரு பங்கு ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலந்து அதைக் கெட்டியாக்குகிறது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேலான சுற்றில், மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்து ஓடுவது. அங்கே அழுக்கு ஆயில் போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வெப்பம் நீண்ட நேரம் தங்கினால் பிஸ்டன் முகப்பில் வெடிப்பு, ஹெட் கேஸ்கட் சேதம் வரை போகும். ஊருக்குள் ஓட்டும் காரில் இது அரிது. பாரம் ஏற்றிக்கொண்டு ஏற்காடு, ஊட்டி மலை ஏறும் வண்டியில் அரிதல்ல.

அடுத்தது பம்பும் இன்ஜெக்டரும். இன்ஜெக்டர் நுனியில் உள்ள துளை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு. உள்ளே அசையும் பாகங்களின் இடைவெளி சில மைக்ரான். எண்ணெய்ப்பசைக்கு டீசலையே நம்பி ஓடும் பாகங்கள் இவை. உச்ச அழுத்தத்தில் எப்போதாவது ஓடுவதற்கும், நாள் முழுக்க வரையறைக்கு மேலே ஓடுவதற்கும் தேய்மானத்தில் பெரிய வேறுபாடு உண்டு. காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் பிடிப்பது, ஐடிலில் நடுக்கம், ரிட்டர்ன் குழாயில் டீசல் அதிகமாகத் திரும்புவது ஆகியவை இன்ஜெக்டர் தேய்ந்ததன் அறிகுறிகள். பம்ப் கடைக்குப் போனால் ரிட்டர்ன் அளவை நான்கு இன்ஜெக்டருக்கும் தனித்தனியாகப் பார்த்துச் சொல்வார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே நான் பெரிதாக நினைக்கும் ஆபத்து, ஈசியூ குருடாகிப்போவது. எவ்வளவு டீசல் போகிறது என்பதை வைத்துத்தான் அது புகை வரம்பு, டார்க் வரம்பு, டிபிஎஃப்பில் எவ்வளவு கரி சேர்ந்திருக்கும் என்பது வரை கணிக்கிறது. அடிப்படை எண்ணே பொய் என்றால் அந்தக் கணிப்புகளும் பொய்த்துப் போகும். ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்கப்போகிறது என்று தெரிந்தால் ஈசியூ டீசலைக் குறைத்து என்ஜினைக் காப்பாற்றும். பெரும்பாலான பாக்ஸ்களுக்கு அந்த வெப்பம் தெரியவே தெரியாது. ஈசியூ குறைத்ததன் மேலேயும் அது தன் பங்கைக் கூட்டிக்கொண்டிருக்கும்.

நம் ஓட்டம் எப்படிப்பட்டது

ஐரோப்பாவில் நன்றாக ஓடிய பாக்ஸ் இங்கே அப்படியே ஓடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வெயில். சிங்கப்பெருமாள் கோவில் சாலையிலும் வண்டலூர்-வாலாஜாபாத் சாலையிலும் டிரெய்லர்களுக்கும் எம்-சாண்ட் லாரிகளுக்கும் நடுவே முதல் இரண்டு கியரில் ஊர்வது. ஏர் ஃபில்டரை அடைக்கும் தூசி. டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குக் காற்று வீச வண்டி வேகமாக ஓட வேண்டும், ஊரும்போது அது வேலை செய்யாது. சூடான காற்றில் ஆக்ஸிஜன் குறைவு. குறைந்த ஆக்ஸிஜனில் அதிக டீசல் என்றால் அதிகக் கரி.

ஷிஃப்ட் வண்டிக்கு இன்னொரு தொல்லை. ஆலை வாசலில் ஏசி போட்டு அரை மணி நேரம் நிற்பது, பிறகு ஏழு பேரோடு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டம், மறுபடியும் நிற்பது. டிபிஎஃப்பில் சேர்ந்த கரியை எரிக்க ஈசியூ அவ்வப்போது கூடுதல் டீசல் தெளித்து வடிகட்டியை ஏறக்குறைய 600 டிகிரிக்குச் சூடாக்கும். அது முடியத் தொடர்ந்த ஓட்டம் வேண்டும். பாதியில் என்ஜினை நிறுத்தினால் எரியாத டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். பாக்ஸ் கரியைக் கூட்டினால் இந்தச் சுத்திகரிப்பு அடிக்கடி வரும், அடிக்கடி பாதியில் நிற்கும், ஆயில் மெலியும். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால் மகிழ வேண்டாம். அது டீசல்.

மைலேஜ் பற்றிய பேச்சு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மீட்டர் போர்டில் காட்டும் மைலேஜ், ஈசியூ தான் செலுத்தியதாக நினைக்கும் டீசலை வைத்துப் போடும் கணக்கு. பாக்ஸ் அழுத்தத்தைக் குறைத்துச் சொல்வதால் ஈசியூ டீசல் செலவையும் குறைத்துக் கணக்கிடும். திரையில் லிட்டருக்கு 19 கிலோமீட்டர் 21 ஆகத் தெரியும், டேங்க் வேறு கதை சொல்லும். டேங்க் நிரம்ப டீசல் போட்டு, ஐந்நூறு கிலோமீட்டராவது ஓட்டி, அதே பெட்ரோல் பங்க்கில் மறுபடி நிரம்பப் போட்டுக் கணக்கிடுவது ஒன்றே நம்பத் தகுந்தது. கியரை முன்னாடியே மாற்றி நிதானமாக ஓட்டினால் சிறிது மிச்சம் வரலாம். அது காலின் சாதனை.

பைக்குக்கும் பெட்ரோல் காருக்கும்

வல்லம் வடகாலில் 2017 முதல் ராயல் என்ஃபீல்ட் ஆலை ஓடுகிறது. இந்தப் பகுதியில் புல்லட், ஹிமாலயன் வைத்திருப்பவர்கள் அதிகம். அவர்களும் பாக்ஸ் பற்றிக் கேட்கிறார்கள். டர்போ இல்லாத பெட்ரோல் பைக்கில் இந்தச் சாதனங்கள் பெட்ரோல் விகிதத்தை, சிலவற்றில் ஸ்பார்க் நேரத்தையும் மாற்றுகின்றன. மாசுக் கட்டுப்பாட்டுக்காகக் காற்று மிகுந்து ஓடும் என்ஜினில் பெட்ரோல் சற்றுக் கூடினால் ஓட்டம் மென்மையாகும், வெப்பம் குறையும். ஆகவே அளவான செட்டிங்கில் என்ஜினுக்கு ஆபத்து டீசல் காரைவிடக் குறைவு. அளவு மீறினால் சிலிண்டர் சுவரில் ஆயில் கழுவப்படும், கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சூடேறிக் கெடும். ஸ்பார்க்கை முன்னே தள்ளும் செட்டிங்கில் நாக்கிங் வந்தால் பிஸ்டன் போகும்.

டர்போ பெட்ரோல் கார் வேறு. அங்கே பாக்ஸ் டர்போ அழுத்தச் சென்சாரிடம் பொய் சொல்லி பூஸ்ட்டைக் கூட்டுகிறது. சிறிய மூன்று சிலிண்டர் டைரக்ட் இன்ஜெக்ஷன் என்ஜின்களில், குறைந்த வேகத்தில் அதிக பூஸ்ட் வைத்தால் ஸ்பார்க்குக்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒரே ஒரு தடவை பலமாக நிகழ்ந்தாலும் பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு உடையலாம். இத்தகைய காருக்கு நான் டீசலைவிடக் கடுமையாகவே வேண்டாம் என்பேன்.

சட்டம், வாரண்டி, காப்பீடு

2020 ஏப்ரல் 1 முதல் நாடு பிஎஸ்-4-இலிருந்து நேராக பிஎஸ்-6-க்குப் போனது. டீசல் காருக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 0.25 கிராமிலிருந்து 0.08-க்கு இறங்கியது, கரித்துகள் வரம்பு 0.025-இலிருந்து 0.0045-க்கு. இவ்வளவு குறுகிய வரம்புக்குள் நிற்கும்படி ஒன்றோடொன்று பிணைத்துச் செய்த அமைப்பில், நடுவே ஒரு சென்சாரைப் பொய் பேச வைப்பது சுவாசிக்கும் காற்றோடும் சம்பந்தப்பட்ட விஷயம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்தும் ஆர்.சி.யில் பதிவானதிலிருந்தும் வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சிஎன்ஜி கிட் பொருத்தினால் அதற்கு ஒப்புதல் பெற்ற கிட், ஆர்.சி.யில் பதிவு என்று ஒரு வழி உண்டு. பாக்ஸ் விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: "இதற்கு ஒப்புதல் சான்று இருக்கிறதா?" வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் ஜிஏஆர்சி மையம் ஒரகடத்திலேயே இருக்கிறது. சான்று என்று எதையாவது காட்டினால், யார் கொடுத்தது, எந்த வண்டி மாடலுக்கு, எந்த விதியின் கீழ் என்று வாசித்துப் பாருங்கள்.

"கழற்றினால் தடயம் இருக்காது" என்ற பேச்சுக்கு வருவோம். ரெயில் அழுத்தம் எதிர்பார்த்ததோடு பொருந்தாதபோது ஈசியூ பழுதுக் குறியீட்டைப் பதிவு செய்யும். பி0087 என்றால் அழுத்தம் குறைவு, பி0088 என்றால் அதிகம், பி0234 என்றால் அதிக பூஸ்ட். அந்த நொடியில் வேகம், பாரம், வெப்பம் என்ன என்பதும் கூடவே பதிவாகும். சர்வீஸ் சென்டரின் ஸ்கேனரில் இது தெரியும். இணைப்பிகளைத் திறந்து மூடிய அடையாளம், நகர்ந்த கிளிப், வெட்டிய டேப் ஆகியவற்றை அனுபவமுள்ள டெக்னீஷியன் பார்த்ததும் கண்டுகொள்வார். காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் இழப்பீடு கேட்கும் நேரத்தில் மறுப்பதற்கு நீங்களே காரணம் கொடுத்தவர் ஆவீர்கள். பாக்ஸ் கம்பெனியே என்ஜினுக்கு வாரண்டி தருகிறது என்றால் அதன் கால வரம்பு, கிலோமீட்டர் வரம்பு, தொகை வரம்பு, வண்டியின் வயது வரம்பு, வாடகை வண்டிக்குப் பொருந்துமா என்பது ஆகியவற்றைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பாக்ஸ் தேடுவதற்கு முன்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படிக்கட்டும். எழுபதாயிரம் ஓடிய டீசல் வண்டியில் பிக்கப் குறைந்திருந்தால், பெரும்பாலும் வண்டி தன்னிடம் இருந்த பலத்தை இழந்திருக்கிறது. 85 குதிரைத்திறன் இருந்த இடத்தில் 70 இருக்கும். அதன் மேலே பாக்ஸ் போட்டால் பழுதை மூடி மறைத்து ஓட்டுவதாகும்.

முதலில் பார்க்க வேண்டியது டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து என்ஜினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ். ஒரு சிறு வெடிப்பு போதும், ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது 'உஸ்' என்று காற்று போகும், கறுப்புப் புகை வரும், இழுவை செத்துவிடும். ஹோஸ் மேல் எண்ணெய்க் கசிவு படிந்திருந்தால் அந்த இடத்தில் தேடுங்கள். அடுத்து ஏர் ஃபில்டர். நம் பகுதித் தூசிக்குக் கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் பாதியிலேயே திறந்து பாருங்கள். டீசல் ஃபில்டரில் தண்ணீர் வடித்து விடுங்கள், காலம் முடிந்திருந்தால் மாற்றுங்கள். காற்றின் அளவைச் சொல்லும் எம்ஏஎஃப் சென்சாரையும் டர்போ அழுத்தச் சென்சாரையும் அவற்றுக்கான கிளீனரால் சுத்தம் செய்யலாம். கரி மூடிய சென்சார், பாக்ஸ் இல்லாமலே ஈசியூவிடம் பொய் சொல்லும். ஈஜிஆர் வால்வு திறந்தபடி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் பிடித்துக்கொண்டு சக்கரம் இறுக்கமாகச் சுற்றுகிறதா, டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்பதும் பிக்கப்தான்.

இதோடு ஒரு ஸ்கேன். ஓட்டும்போதே ரெயில் அழுத்தத்தில் ஈசியூ கேட்டது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு, பூஸ்ட்டில் கேட்டது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்று நான்கு எண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். 'எரர் கோட் இல்லை' என்று சொல்லி அனுப்பினால் ஏற்காதீர்கள், எண்களைக் கேளுங்கள்.

எல்லாம் சரியாக இருந்து, வண்டி 2020-க்கு முந்தைய சொந்த வண்டியாகவும் இருந்து, ஆசை தீரவில்லை என்றால் பாக்ஸைவிட நல்ல ரீமேப், அதாவது ஈசியூவின் கணக்கையே திருத்தி எழுதுவது, மேல். சட்டத்தின் கேள்வி அதற்கும் அப்படியே பொருந்தும் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் ரீமேப்பில் ஈசியூவுக்கு உண்மை தெரியும். டீசல், பூஸ்ட், வெப்பப் பாதுகாப்பு எல்லாம் ஒரே கணக்கில் ஓடும். அதையும் இணையத்தில் இறக்கிய பொதுக் கோப்பை ஏற்றுபவரிடம் செய்யக் கூடாது. பலத்தை அளக்கும் டைனோவில் முன்னும் பின்னும் ஓட்டி, அச்செடுத்துக் கையில் கொடுப்பவரிடம் மட்டும் செய்யுங்கள்.

ஏற்கெனவே பாக்ஸ் மாட்டியவர் பதற வேண்டாம். மிகக் குறைந்த செட்டிங்குக்கு இறக்குங்கள். ஐந்தாம் கியரில் 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே முழுக்க மிதிப்பதை நிறுத்துங்கள், கியரைக் குறைத்துவிட்டு மிதியுங்கள். ஆயிலை 10,000-க்குப் பதில் 7,500 கிலோமீட்டரில் மாற்றுங்கள், வாரம் ஒரு முறை டிப் ஸ்டிக் பாருங்கள். மலைப்பயணத்துக்கும் நீண்ட பாரப் பயணத்துக்கும் முன் கழற்றிவிட்டு, கம்பெனி இணைப்பைத் திரும்பப் போடுங்கள். வேகம் எடுக்கும்போது பின்கண்ணாடியில் கறுப்புப் புகை தெரிந்தாலும் என்ஜின் விளக்கு எரிந்தாலும் அன்றே கழற்றுங்கள். பல வண்டிகளில் அதைச் செய்யப் பத்து நிமிடம் ஆகாது.

ஷிஃப்ட் வண்டி ஓட்டும் அண்ணன்மாருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். உங்களுக்கு வண்டி நின்றால் அன்றைய ட்ரிப் போகும், அடுத்த நாள் அந்த ரூட்டை ஏஜென்சி வேறு வண்டிக்குக் கொடுக்கும். மூன்று ஷிஃப்ட்டும் ஓடும் வண்டியில், கம்பெனி வைத்த மிச்சம் முழுவதும் உங்கள் ஓட்டத்துக்கே தேவைப்படுகிறது. பாக்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் ஹோஸ், இரண்டு ஃபில்டர், ஈஜிஆர் சுத்தம், ஒரு முழு ஸ்கேன் ஆகியவற்றை முடித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் பிக்கப் போதவில்லை என்றால் உங்கள் ரூட்டுக்கு அந்த வண்டி சிறியது. அடுத்த வண்டியைப் பெரிய என்ஜினில் வாங்குங்கள்.